முப்பது வயதில் கூண்டுக்குள் வந்த குஸ்திக்காரர்

கேள்வி: மல்யுத்தத்திலிருந்து கலப்புத் தற்காப்புக் கலைக்கு (எம்.எம்.ஏ.) மாறுகிறவர்கள் தங்களோடு எதைக் கொண்டுவருகிறார்கள், எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது? வயது கடந்து மாறியும் உச்சிக்குப் போன ஒருவரை வைத்து விளக்க முடியுமா?

ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் டேனியல் கோர்மியரைச் சொல்வேன். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்து லஃபாயெட் ஊர்க்காரர், 1979 மார்ச்சில் பிறந்தவர். முதன்முதலாக எம்.எம்.ஏ. சண்டையில் இறங்கியபோது அவருக்கு வயது 30. அதற்கு முன் யாரையும் குத்தியோ உதைத்தோ போட்டியிட்டவர் அல்லர். ஒன்பதே ஆண்டுகளில், எம்.எம்.ஏ. சண்டைகளை நடத்தும் மிகப் பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யின் லைட் ஹெவிவெயிட், ஹெவிவெயிட் ஆகிய இரண்டு எடைப்பிரிவுகளின் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அவருக்கு முன்னால் அதைச் செய்தவர் கானர் மெக்ரெகர் மட்டுமே. அந்த இரண்டு பட்டங்களையும் தற்காத்து வென்ற முதல் வீரர் கோர்மியர்தான்.

எம்.எம்.ஏ. சண்டை கம்பிவலைக் கூண்டுக்குள் நடக்கும். குஸ்திக்காரர் அந்தக் கூண்டுக்குள் வந்தால் எதிராளியைத் தூக்கித் தரையில் போடுவார், மேலே ஏறி அடிப்பார் என்பதுதான் பொதுவான எண்ணம். 1990களில் அது உண்மையாகவும் இருந்தது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்த மார்க் கோல்மன் அப்படித்தான் 1997இல் யு.எஃப்.சி.யின் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஆனால் கோர்மியர் வந்த காலத்தில் எல்லோரும் கீழே விழாமல் நிற்கக் கற்றுவிட்டார்கள். வெறும் கால் பிடியை நம்பி யாரும் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. கோர்மியரின் பெரிய வெற்றிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்டது வேறு. அவருடைய மூலதனம் நின்றபடி கட்டிப் புரளும் அந்த நெருக்கம்தான். கை, கழுத்து, அக்குள் என்று பிடி மாறிக்கொண்டே இருக்கும் அந்த இடத்தில் எதிராளி அடுத்து என்ன செய்வார் என்பதை உடம்பால் படித்துவிடுவார். அந்த நெருக்கத்தை அவர் தேடிப் போனபோது பெரும்பாலும் வென்றார். தோற்ற இரவுகளில் அவரே அதைக் கைவிட்டார், அல்லது எதிராளி அதில் அவரை மிஞ்சினார்.

முதலில் அவருடைய குஸ்தி வரலாற்றைச் சொல்ல வேண்டும். பள்ளி நாட்களில் மூன்று முறை மாநில சாம்பியன். கான்சாஸ் மாநிலத்தில் உள்ள கோல்பி சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளில் 61 போட்டிகள், 61 வெற்றிகள். பிறகு ஓக்லஹாமா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே பயிற்சியாளர் ஜான் ஸ்மித், ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். 2001இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதிக்குப் போனார் கோர்மியர். எதிரே நின்றவர் கேல் சாண்டர்சன். கல்லூரிக் காலம் முழுவதும் 159 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காத மனிதர் அவர். கோர்மியர் அவரிடம் தோற்றார். வேறு எந்தத் தலைமுறையில் பிறந்திருந்தாலும் கல்லூரிச் சாம்பியன் ஆகியிருக்கக்கூடிய ஒருவருக்கு இப்படி ஒரு சமகாலத்தவர் அமைந்தது கொடுமை. பின்னாளில் கூண்டிலும் அவருக்கு அதே கதைதான் நடந்தது. அப்போது எதிரே நின்றவர் யு.எஃப்.சி. லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் ஜோன்ஸ்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தமும் ஒலிம்பிக்கில் நடக்கும் ஃப்ரீஸ்டைலும் ஒன்றல்ல. ஃப்ரீஸ்டைலில் எதிராளியின் முதுகைத் தரைப்பக்கம் திருப்பினால் புள்ளி, வட்டத்துக்கு வெளியே தள்ளினால் புள்ளி. கல்லூரி முறையில் எதிராளியைத் தரையில் எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கணக்கிடுகிறார்கள். கீழே கிடப்பவர் விடுவித்துக்கொண்டு எழுந்தால் அவருக்கும் புள்ளி உண்டு. ஆகவே அடக்கி வைப்பதும், அடங்காமல் எழுவதும் சிறு வயதிலேயே பழகிவிடுகின்றன. கூண்டுச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் கிடையாது என்பது என் கருத்து. கோர்மியருக்கு இரண்டு முறைகளிலும் தேர்ச்சி இருந்தது.

2003 முதல் 2008 வரை உலகப் போட்டியோ ஒலிம்பிக்கோ, ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க ஃப்ரீஸ்டைல் அணியில் அவருக்கு இடம் இருந்தது. எடைப்பிரிவு 96 கிலோ. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். வெண்கலத்துக்கான போட்டியில் ஈரானின் அலிரெசா ஹைதரியிடம் தோற்றார். 2007இல் பாகு நகரில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அணித்தலைவராகப் போனார். அங்கே எடையைக் குறைக்க உடம்பை வற்றவைத்ததில் சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஒரு போட்டியில்கூட இறங்காமல் திரும்பினார். அவருடைய குஸ்தி வாழ்க்கை அப்படி முடிந்தது.

அந்த வாழ்க்கைக்குப் பின்னால் இருந்த துயரங்களையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரே அவற்றை மறைத்ததில்லை. ஏழு வயதில், 1986ஆம் ஆண்டின் நன்றியறிதல் நாளன்று, தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். 2003 ஜூனில், மூன்றே மாதக் குழந்தையான அவருடைய மகள் சாலை விபத்தில் இறந்தாள். அடுத்த ஆண்டுதான் ஏதென்ஸ். மைக்கின் முன்னால் எளிதில் கண் கலங்கும் மனிதர் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. இவ்வளவையும் சுமந்துகொண்டு கோதாவில் இறங்கிய ஒருவரைக் கேலி செய்ய எப்படி மனம் வருகிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

2009இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உள்ள அமெரிக்கன் கிக்பாக்சிங் அகாடமியில் சேர்ந்தார். பயிற்சியாளர் ஹவியர் மெண்டெஸ். கூடப் பழகியவர் கேன் வெலாஸ்கெஸ். அவரும் கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தவர், விரைவிலேயே யு.எஃப்.சி. ஹெவிவெயிட் சாம்பியன் ஆகப்போகிறவர். முப்பது வயதுத் தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைந்திருக்காது. நாள்தோறும் உலகின் மிகச் சிறந்த ஹெவிவெயிட்டோடு மோதிப் பழகுகிறவருக்குப் போட்டி நாள் ஓய்வு நாளைப் போலத் தெரியும். அதே ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் என்ற எம்.எம்.ஏ. அமைப்பில் முதல் சண்டை. வென்றார்.

புதிதாகக் கற்க வேண்டியிருந்தவை எவை? முதலாவது, நிற்கும் விதம். குஸ்திக்காரர் முன்னால் குனிந்து, தலையைத் தாழ்த்தி, எடையை முன்காலில் வைத்து நிற்பார். கூண்டில் அப்படி நின்றால் முகத்துக்கு முழங்கால் வரும், தலைக்கு உதை வரும். இரண்டாவது, தூரம். கை தொடும் தூரத்துக்குப் போகும் வழியிலேயே அடி விழும் என்பதால் எப்போது உள்ளே நுழைவது என்பதைப் புதிதாகப் படிக்க வேண்டும். மூன்றாவது, மூச்சு. குஸ்திப் போட்டி ஆறேழு நிமிடங்களில் முடிந்துவிடும். பட்டச் சண்டை ஐந்து நிமிடம் வீதம் ஐந்து சுற்று, மொத்தம் 25 நிமிடம். ஆனால் குஸ்தியே இவற்றுக்கு ஓர் உதவியும் செய்கிறது. கோர்மியர் சற்றே குனிந்தால் போதும், கால் பிடிக்க வருகிறார் என்று பயந்து எதிராளியின் கைகள் கீழே இறங்கும். இறங்கிய கைக்கு மேலாக அவருடைய வலது கை வீசி வரும். குத்துச்சண்டைக்காரரிடம் ஏமாறாதவர்கள்கூட இந்த வித்தையில் ஏமாந்தார்கள்.

2011இல் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ் எட்டு ஹெவிவெயிட் வீரர்களை வைத்துப் பெரிய போட்டித்தொடர் ஒன்றை நடத்தியது. ஃபெதோர் எமெலியானென்கோ, ஃபப்ரீசியோ வெர்தூம் போன்ற பெயர்கள் இருந்த அந்த எட்டில் கோர்மியர் பெயர் இல்லை. மாற்று வீரராக வெளியே காத்திருந்தார். அலிஸ்டைர் ஓவரீம் விலகியதும் அந்த இடம் இவருக்கு வந்தது. ஃபெதோரை வீழ்த்தியிருந்த அந்தோனியோ சில்வாவை முதல் சுற்றிலேயே நாக் அவுட் செய்தார். 2012 மே 19ஆம் தேதி சான் ஹோசேயில் ஜாஷ் பார்னெட்டோடு இறுதிச் சண்டை. பார்னெட் தரைச்சண்டையில் பல்லாண்டு ஊறியவர். அவரைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டார் கோர்மியர். ஐந்து சுற்று முடிவில் மூன்று நடுவர்களும் இவர் பக்கம். அது இவருடைய பத்தாவது சண்டைதான் என்பதை நம்பக் கடினமாக இருக்கும்.

2013இல் யு.எஃப்.சி.க்கு வந்தபோது ஒரு சிக்கல் காத்திருந்தது. அங்கே ஹெவிவெயிட் சாம்பியன் வெலாஸ்கெஸ். நண்பனோடு மோத மாட்டேன் என்று கோர்மியர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் பட்டத்துக்கு ஒரே வழி, 93 கிலோ எல்லையுள்ள லைட் ஹெவிவெயிட்டுக்கு இறங்குவது. 96 கிலோவுக்கு இறங்கப்போய்ச் சிறுநீரகம் செயலிழந்த மனிதர், ஐந்தாண்டு கழித்து, முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் அதற்கும் மூன்று கிலோ குறைவான எடைக்கு இறங்கினார். நட்புக்காக அவர் கொடுத்த விலை அது. இந்தத் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அவர் வென்ற எந்தப் பட்டத்தையும்விட இது பெரிது. 2017இல் பஃபலோ நகரில் எடை பார்க்கும்போது முதலில் அரை கிலோ அளவுக்கு அதிகமாக இருந்து, மூன்று நிமிடத்துக்குள் திரும்பி வந்து, மறைப்புக்குப் பிடித்திருந்த துண்டின் மேல் கை வைத்தபடி சரியான எடை காட்டினார். துண்டில் கை ஊன்றினால் தராசில் பாரம் குறைந்து தெரியும். அது நேர்மையான செயல் அல்ல, மழுப்பத் தேவையில்லை. எடைத் தராசு அவரை எவ்வளவு நெருக்கியது என்பதற்கும் அதுவே சாட்சி.

2014 மே மாதம் டான் ஹெண்டர்சனோடு மோதினார். ஹெண்டர்சன் 1992, 1996 என இரண்டு ஒலிம்பிக்கில் கிரேக்க-ரோமானிய மல்யுத்தம் செய்தவர். அப்படிப்பட்டவரைச் சிறுபிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி எறிந்தார் கோர்மியர். மூன்றாவது சுற்றில் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து முடித்தார். 15 சண்டைகள், 15 வெற்றிகள் என்ற கணக்கோடு 2015 ஜனவரி 3ஆம் தேதி ஜான் ஜோன்ஸின் எதிரே நின்றார்.

ஜோன்ஸின் உயரம் 193 சென்டிமீட்டர், கோர்மியர் 180. கை நீளத்தில் வித்தியாசம் சுமார் 30 சென்டிமீட்டர். இரண்டு பேருக்கும் முன்பகை வேறு. முந்தைய ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் விளம்பர மேடையில் கைகலப்பே நடந்திருந்தது. கோர்மியர் வழக்கம்போல் தூரத்தைக் கடந்து உள்ளே நுழைந்தார். நுழைந்த இடத்தில்தான் தோற்றார். நெருக்கத்திலும் ஜோன்ஸ் முழங்கையால் அடித்தார், கைகளை மடக்கிப் பிடித்தார், எம்.எம்.ஏ.யில் அதுவரை யாராலும் வீழ்த்தப்படாத கோர்மியரைத் தரையில் வீழ்த்தினார். மூன்று நடுவர்களும் 49-46 என்ற புள்ளிக்கணக்கில் ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். ஒரு குஸ்திக்காரரை அவருடைய சொந்த வீட்டிலேயே வைத்துத் தோற்கடித்தது போன்ற தோல்வி அது.

சில மாதங்களில் சாலை விபத்து வழக்கால் ஜோன்ஸின் பட்டம் பறிக்கப்பட்டது. காலியான பட்டத்துக்கு மே 23ஆம் தேதி ஆந்தனி ஜான்சனோடு சண்டை. தொடங்கிய சில வினாடிகளில் ஜான்சனின் வலது கை கோர்மியரைத் தரையில் சாய்த்தது. அந்தக் காலத்தில் ஜான்சனின் கை பட்டு எழுந்தவர்கள் அரிது. இவர் எழுந்தார், கட்டிப் பிடித்தார், பிடித்த பிடியை விடவில்லை. தன் முழு எடையையும் ஜான்சன் மீது சாய்த்து மூச்சு வாங்க வைத்தார். மூன்றாவது சுற்றில் கழுத்து நெரிப்பு. ஆளைக் களைப்படைய வைப்பதும் குஸ்தியில் ஒரு கலை என்று யாருக்காவது விளக்க வேண்டுமானால் இந்தச் சண்டையைக் காட்டுங்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ஹூஸ்டனில் நடந்த அலெக்சாண்டர் குஸ்டாஃப்சன் சண்டைதான் என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்தது. குஸ்டாஃப்சன் 196 சென்டிமீட்டர் உயரம். கோர்மியர் ஒரு கையால் அவர் பின்கழுத்தைப் பற்றித் தலையைக் கீழே இழுத்து, மறு கையால் கீழிருந்து மேலாக முகத்தில் குத்திக்கொண்டே இருந்தார். குஸ்தியில் கழுத்துப் பிடி என்பது எதிராளியின் நிலையைக் குலைப்பதற்கு. அதோடு ஒரு குத்தைச் சேர்த்தால் உயரம் என்ற சாதகமே காணாமல் போய்விடுகிறது. மூன்றாவது சுற்றில் முழங்கால் பட்டுக் கோர்மியர் விழுந்தார், எழுந்து தொடர்ந்தார். நடுவர்களில் இருவர் இவருக்கும் ஒருவர் அவருக்கும் கொடுத்தார்கள்.

2016 ஜூலையில் ஜோன்ஸோடு மறுமோதல் இருந்தது. ஊக்கமருந்துச் சோதனை காரணமாகச் சில நாட்களுக்கு முன் ஜோன்ஸ் நீக்கப்பட, கடைசி நேரத்தில் வந்த முன்னாள் மிடில்வெயிட் சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவைத் தரையில் அடக்கி வைத்தே வென்றார் கோர்மியர். கூட்டம் கூச்சலிட்டது. 2017 ஜூலை 29ஆம் தேதி அனஹெய்மில் ஒருவழியாக மறுமோதல் நடந்தது. மூன்றாவது சுற்றில் ஜோன்ஸின் இடது கால் உயர்ந்தது. உடம்புக்கு வரும் உதை என்று எண்ணிக் குனிந்தார் கோர்மியர், தலைக்கு வந்தது. குஸ்திக்காரரின் உடம்பில் ஊறிய அந்தக் குனிதல் அன்று அவரைக் காட்டிக்கொடுத்தது. மயக்கம் சரியாகத் தெளியாமல் அழுதுகொண்டிருந்தவரிடம் மைக்கை நீட்டிப் பேட்டி எடுத்தார்கள். அதைச் செய்திருக்கவே கூடாது. பிறகு ஜோன்ஸின் சோதனையில் டுரினபோல் என்ற ஊக்கமருந்து கண்டறியப்பட்டு, முடிவு ரத்து செய்யப்பட்டு, பட்டம் கோர்மியரிடம் திரும்பி வந்தது. ஆனாலும் கோதாவில் ஜோன்ஸை அவர் ஒருமுறையும் வெல்லவில்லை. அந்த உண்மையை எந்தச் சோதனைக்கூடமும் மாற்ற முடியாது.

2018 ஜூலை 7ஆம் தேதி, லாஸ் வேகாஸ். வெலாஸ்கெஸ் சாம்பியனாக இல்லாததால் கோர்மியர் ஹெவிவெயிட்டுக்குத் திரும்பினார். எதிரே ஸ்டீபே மியோசிச், தொடர்ந்து மூன்று முறை அந்தப் பட்டத்தைக் காத்துச் சாதனை படைத்தவர், அவரும் கல்லூரிக் குஸ்திக்காரர். முதல் சுற்றின் கடைசி நிமிடம். இருவரும் கட்டிப் பிடித்திருந்து விலகுகிறார்கள். விலகும்போது எல்லோரும் ஒரு கணம் தளர்வார்கள். அடுத்த மூச்சுக்குத் தயாராகக் கை தாழும். அந்தக் கணத்தில் கோர்மியரின் வலது கை ஒரு சாண் தூரமே பயணித்து மியோசிச்சின் தாடையில் பட்டது. 4 நிமிடம் 33 வினாடியில் முடிந்தது. இருபது ஆண்டுகள் பிடியில் நின்று பழகியவருக்கு மட்டுமே அந்தத் தளர்வு எப்போது வரும் என்று தெரியும். குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் மட்டும் பழகியவருக்கு அது வாய்க்காது. நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் டெரிக் லூயிஸைக் கழுத்து நெரித்து அந்தப் பட்டத்தையும் காத்தார்.

அங்கேயே ஓய்வு பெற்றிருக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். 2019 ஆகஸ்டில் மியோசிச்சோடு மீண்டும் மோதினார். முதல் சுற்றில் அவரைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டார். அதன் பிறகு குஸ்தியை ஏறக்குறைய மறந்துவிட்டுக் குத்துச்சண்டை போட்டார். நன்றாகவும் போட்டார், மூன்று சுற்றுவரை அவர் கை ஓங்கியே இருந்தது. நான்காவது சுற்றில் மியோசிச் இடது கையால் விலாவுக்குக் கீழே, கல்லீரல் பக்கம் மீண்டும் மீண்டும் அடிக்கத் தொடங்கினார். கோர்மியரிடம் மாற்று இல்லை, சண்டை முடிந்தது. பிற்காலத்தில் கற்ற வித்தை கைக்கு இனிக்கும்போது பிறவியிலேயே பழகிய வித்தை கசந்துவிடுகிறது போலும். எனக்கு அவருடைய எல்லாத் தோல்விகளிலும் இதுதான் வலிக்கிறது. மற்றவை எதிராளியின் பெருமை, இது கைக்கெட்டியதை விட்டது.

2020 ஆகஸ்டில், பார்வையாளர் இல்லாத அரங்கில், மூன்றாவது மோதல். 41 வயது. கண்ணில் விரல் பட்டுக் கருவிழி கிழிந்த நிலையிலும் ஐந்து சுற்று நின்றார், நடுவர் தீர்ப்பில் தோற்றார், விடைபெற்றார். 22 வெற்றி, 3 தோல்வி, ஒன்று முடிவு ரத்து. மூன்று தோல்விகளும் இரண்டே பேரிடம். 2022இல் யு.எஃப்.சி. புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். வர்ணனையாளராக இன்றும் அவர் குரல் கேட்கிறது. கலிஃபோர்னியாவின் கில்ராய் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களுக்குக் குஸ்தி கற்றுக்கொடுத்தும் இருக்கிறார்.

கேள்வி கேட்டவர் தாமே குஸ்தி பழகுகிறவர் என்றால் ஒரு யோசனை. பார்னெட்டோடும் குஸ்டாஃப்சனோடும் நடந்த சண்டைகள், மியோசிச்சோடு மோதிய முதல் இரண்டு சண்டைகள் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். முகங்களைப் பார்க்க வேண்டாம். கோர்மியரின் கைகள் எதிராளியின் உடம்பில் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் கவனித்து வாருங்கள். நான்காவது சண்டையின் இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அந்தக் கைகள் எவ்வளவு குறைவாக மியோசிச்சைத் தொடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.